மாயாவி வந்த வழி

கிளியனூரில் எங்கள் வீட்டுக்கு இரும்புக்கை மாயாவி வந்து சேர ஒரே வழிதான் இருந்தது. அண்ணனுக்குத் தலைமுடி காதை மூட வேண்டும். அப்பா ஒரு அதட்டல் போடுவார், அண்ணன் திண்டிவனம் – புதுச்சேரி சாலையோரத்து சலூனுக்குப் போவான். அங்கே சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில், தினத்தந்திக்கு அடியில், எண்ணெய் ஏறிய முத்து காமிக்ஸ் இரண்டு மூன்று கிடக்கும். தன் முறை வரும்வரை அவன் எத்தனை பக்கம் படித்தானோ அத்தனை பக்கமும் அன்று ராத்திரி வாய்வழியாக எனக்கு வந்து சேரும்.

“அப்புறம் என்னாச்சுண்ணா?”

“தெரியல பாப்பா. அதுக்கு மேல பக்கம் கிழிஞ்சிருந்தது.”

வகுப்பில் எழுந்து நின்று வாய்விட்டுப் பாடம் வாசிப்பவள் நான். படிக்கத் தெரியாமல் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் ஒரு பெண்பிள்ளை உட்கார முடியாது, அவ்வளவுதான். அப்படி எழுதி ஒட்டிய பலகை ஏதும் கிடையாது, யாரும் எனக்குச் சொன்னதும் கிடையாது. சொல்லாமலே தெரிந்திருந்தது. பெஞ்சு இன்னும் சிலருக்கும் மூடியிருந்தது என்பதைப் பின்னாளில்தான் புரிந்துகொண்டேன். கன்ஷ்யாம் ஷாவும் மற்ற நால்வரும் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ‘அன்டச்சபிலிட்டி இன் ரூரல் இந்தியா’ என்ற நூல் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து எழுதப்பட்டது. தலித்துகளுக்கு முடிதிருத்த மறுப்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. முடி வெட்டிக்கொள்ளவே உள்ளே விடாத கடையில், பெஞ்சில் உட்கார்ந்து காமிக்ஸ் புரட்ட எப்படி முடியும்? தமிழ்நாட்டு ஊர்களில் பல சிறுவர்களுக்கு முதல் வாசகசாலை சலூன்தான் என்று பெருமையோடு எழுதுகிறோம். அந்த வாசகசாலைக்கு வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது வரலாறு.

இதை நான் ஆவணப்படங்களைப் பற்றிப் பேசுவதற்காகவே சொல்கிறேன். அறிவியல் புனைகதையின் ரசிகர்கள் யார் என்று காட்டும் படங்களில் எல்லாரும் இருக்கிறார்களா, பெண்கள் எத்தனை பேர், கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துவருகிறது. எழ வேண்டிய கேள்விதான். ஆனால் முகங்களை எண்ணுவதோடு அது நின்றுவிடுகிறது என்பது என் குறை. ஒரு கதை எந்த வழியாக யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் அதன் ரசிகர் கூட்டத்தின் முகம் அமைகிறது. கேமரா அந்த வழியின் கடைசி முனையில், கூட்டம் கூடும் மண்டபத்தில் போய் நிற்கிறது. வழியில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களையும், தூக்கிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ஒதுங்கியவர்களையும் அது பார்ப்பதில்லை.

இந்த வகைப் படங்களில் பேர்பெற்றது 1997-இல் வந்த ‘டிரெக்கீஸ்’. ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களைப் பற்றி ராஜர் நைகார்ட் இயக்கியது. ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் நடித்த டெனிஸ் கிராஸ்பி ரசிகர்களிடம் பேசிப் பேசிப் படத்தை நடத்திச் செல்வார். தன் பல் மருத்துவமனையை விண்கலம் மாதிரி அலங்கரித்த மருத்துவர் வருகிறார். 1996-இல் அமெரிக்காவைக் கலக்கிய ஒயிட்வாட்டர் வழக்கில் ஜூரியாக அழைக்கப்பட்டு, நீதிமன்றத்துக்கே ஸ்டார் டிரெக் சீருடையில் போன பெண் வருகிறார். அன்போடு எடுத்த படம், கேலி செய்யும் நோக்கம் அதற்கு இல்லை. ஆனாலும் பார்த்து முடித்தவர் மனதில் நிற்பது ஒட்டவைத்த கூர்க்காதும் சீருடையும்தான்.

அந்த ரசிகர் கூட்டம் உண்மையில் எழுந்து நின்றது தபால் உறையிலும் சைக்ளோஸ்டைல் தாளிலும். 1967–68-இல் மூல ஸ்டார் டிரெக் தொடரை நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதங்கள் குவியும்படி இயக்கம் நடத்தியவர்கள் பிஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும். மூன்றாம் ஆண்டுத் தொடர் வந்தது. 1967-இல் முதல் ஸ்டார் டிரெக் ரசிகர் இதழான ‘ஸ்பாகனேலியா’வைக் கொண்டுவந்தவர்கள் தேவ்ரா லாங்சாம், ஷெர்னா காமர்ஃபோர்ட் என்ற இரண்டு பெண்கள். நம் கல்லூரிகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்களுக்கு அந்த வேலை என்னவென்று தெரியும். ராத்திரி உட்கார்ந்து எழுத வேண்டும், தாள் வாங்கக் காசு சேர்க்க வேண்டும், விரலில் மை போகாது. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் ஸ்டார் டிரெக் மாநாட்டுக்குச் சில நூறு பேர்தான் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், 3000 பேருக்கு மேல் வந்தார்கள். அதை ஏற்பாடு செய்த குழுவிலும் பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஒரு தையல் வேலை நிற்கிறது. 1939-இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு. அங்கே ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற இளைஞர் எதிர்கால மனிதனைப் போல் உடுத்தி வந்தார், கூட வந்த மிர்ட்டில் டக்ளஸ் என்ற பெண்ணும் அப்படியே. இன்று உலகம் முழுக்க காஸ்ப்ளே என்று கொண்டாடப்படும் வேடப் பழக்கத்துக்கு அதுதான் தொடக்கம் என்பார்கள். இருவரின் உடையையும் வடிவமைத்துத் தைத்தவர் மிர்ட்டில். நெடுங்காலம் அந்தக் கதையில் சொல்லப்பட்ட பெயர் ஆக்கர்மனுடையது. மாநாட்டில் எடுத்த புகைப்படத்தில் பெண்ணும் இருக்கிறாள், எண்ணிப் பார்த்தால் சரிபாதி. ஆனால் புகைப்படம் ஊசி பிடித்த கையைக் காட்டாது. பன்முகத்தன்மையைத் தலை எண்ணி அளப்பவர்களிடம் நான் இந்த ஒரு படத்தைத்தான் நீட்டுவேன்.

மண்டபத்தில் நிற்காமல் கேள்வியிலிருந்து தொடங்கிய ஆவணப்படமும் ஒன்று உண்டு. ஜான் அகோம்ஃப்ரா 1996-இல் எடுத்த ‘தி லாஸ்ட் ஏஞ்சல் ஆஃப் ஹிஸ்டரி’ முக்கால் மணி நேரப் படம். கறுப்பின மக்களின் இசைக்கும் விண்வெளிக் கனவுக்கும் என்ன உறவு என்று தேடிப்போகிறது. எழுத்தாளர்கள் ஆக்டேவியா பட்லரும் சாமுவேல் டிலேனியும் பேசுகிறார்கள். ஸ்டார் டிரெக்கில் உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் பேசுகிறார். படத்தின் அடிநாதம் எளிமையானது, ஆளை உலுக்குவது. முன்பின் தெரியாத கப்பல்கள் வந்து இறங்கின. மனிதர்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போயின. பேச்சும் பெயரும் பிடுங்கப்பட்டு இன்னொரு உலகத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். வேற்றுக்கிரகக் கதையில் நடப்பதெல்லாம் ஆப்பிரிக்க மக்களுக்கு ஏற்கெனவே நடந்து முடிந்தது. இப்படிப் பார்க்கத் தொடங்கினால், ‘கறுப்பினத்தவருக்கு அறிவியல் புனைகதையில் ஆர்வம் குறைவு’ என்ற பேச்சே அர்த்தமற்றுப் போகிறது. ஆர்வம் இசைத்தட்டில் இருந்தது, கேமரா அதை மாநாட்டு மண்டபத்தில் தேடிக்கொண்டிருந்தது.

நிக்கோல்ஸ் ஒரு செய்தியைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முதல் ஆண்டு முடிந்ததும் தொடரை விட்டு விலக முடிவு செய்திருந்தாராம். தற்செயலாகச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் தங்கிவிட்டாராம். பிறகு 1977-இல் பெண்களையும் சிறுபான்மையினரையும் விண்வெளி வீரர்களாகச் சேர்க்கும் பணிக்கு அவரை நாசா பயன்படுத்திக்கொண்டது. உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார். திரையில் தன்னைப் போன்ற ஒருத்தி நிற்பதால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

நம் பக்கம் வருகிறேன். தமிழில் அறிவியல் புனைகதைக்கு ரசிகர்கள் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. மேற்கத்திய மாநாட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி அது. நான் பார்த்தவரை நம்மிடம் மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு ஆட்களை உருவாக்கின.

முதலாவது, சிவகாசியிலிருந்து சலூனுக்கு வந்த வழி. 1972-இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார், முல்லை தங்கராசன் ஆசிரியர். முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் 1962-இல் ‘வேலியண்ட்’ என்ற வார இதழில் ‘தி ஸ்டீல் கிளா’ என்று தொடங்கிய கதை அது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் லூயிஸ் கிராண்டெல் விபத்தில் வலது கையை இழந்தவன், அந்த இடத்தில் இரும்புக் கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 50 ஆண்டுகள் கழித்து இதை நினைக்கும்போது எனக்குப் படுவது வேறு. தமிழ்ச் சிறுவர்கள் விழுந்து விழுந்து படித்த அந்த நாயகன் கை இழந்தவன். இழந்த கையை மறைத்துக்கொண்டு அவன் திரியவில்லை, எல்லாம் மறைந்தபிறகும் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கைதான். ‘நொண்டி’, ‘மொண்டி’ என்று கூப்பிட்டே பழகிய தெருக்களில் அப்படி ஒருவன் ஆசைப்படத்தக்க ஆளாக ஆனான். எங்கள் தெருவில் போலியோவால் கால் சூம்பிய பையன் ஒருவன் விளையாட்டில் எப்போதும் தனக்கு மாயாவி வேடம்தான் வேண்டும் என்பான். யாரும் மறுக்க மாட்டார்கள். பிரதிநிதித்துவம் என்ற சொல் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. விஜயன் ஆசிரியர். முதல் இதழின் நாயகி ஒரு பெண், மாடஸ்டி பிளைசி. அகதியாக அலைந்து வளர்ந்து, யாருக்கும் அடங்காமல் வாழ்பவள். இப்படி ஒருத்தி பெரிய எழுத்தில் அட்டையில் நின்றாள், அந்த அட்டை போய்ச் சேர்ந்த இடமோ ஆண்கள் மட்டும் உட்காரும் பெஞ்சு. கதையில் பெண் இருப்பது ஒன்று, கதை பெண்ணிடம் வருவது வேறொன்று. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி லயன் – முத்து வாசகர்கள் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். சிறுவயதில் தொலைத்த இதழைத் தேடி ஊர் ஊராகப் பழைய புத்தகக் கடை ஏறி இறங்கிய அனுபவத்தை ஐம்பது வயதுக்காரர்கள் கண் கலங்கச் சொல்வதைக் கேட்டால் யாருக்கும் மனம் நெகிழும். அந்தக் கூட்டங்களின் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் பெண் முகத்தைத் தேடுகிறேன். அபூர்வமாகத்தான் அகப்படுகிறது. நாளை ஒருவர் அங்கே கேமராவோடு போனால், ‘தமிழ்ப் பெண்கள் காமிக்ஸ் படித்ததில்லை’ என்ற முடிவோடுதான் திரும்புவார். நான் படித்தேன். அண்ணன் வாய் வழியாகப் படித்தேன். பழைய இதழ் சேர்ப்பவர்களின் பட்டியலில் என் பெயர் இருக்காது, என்னிடம் ஒரு இதழும் இல்லை. என் கையில் ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டாவது வழி நேரே வீட்டுக்குள் வந்தது. வார இதழ். ஆனந்த விகடனும் குமுதமும் நடையைத் தாண்டி அடுப்படிவரை போகும். 1980-களில் சுஜாதா விகடனில் ‘என் இனிய இயந்திரா’ எழுதினார். நிலா என்ற பெண், ஜீனோ என்ற இயந்திர நாய், ஒரு சர்வாதிகார எதிர்காலம். தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’வும் வந்தது, தூர்தர்ஷனிலும் பார்த்தோம். தமிழ் அறிவியல் புனைகதையை எத்தனையோ பெண்கள் படித்தது இந்த வழியில்தான். எங்கள் வீட்டில் விகடன் ஒரு வாரம் பிந்தி, டீச்சர் வீட்டிலிருந்து இரவலாக வரும். அம்மா அரிசி புடைத்து முடித்துவிட்டு முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் இதழை வைத்துப் படிப்பார். ஜீனோ பேசும் இடம் வந்தால் சத்தம்போட்டு வாசிப்பார். ரசிகை என்று அம்மாவை யாரும் சொன்னதில்லை. அவர் எந்த மன்றத்திலும் இல்லை, எந்த வேடமும் போட்டதில்லை, வாரம் தவறாமல் காத்திருந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. ரசனைக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ரங்கராஜன் என்ற அந்த எழுத்தாளர் தன் மனைவியின் பெயரைத்தான் புனைபெயராக வைத்துக்கொண்டார் என்பதை அம்மா பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டார். அதுவரை சுஜாதா ஒரு பெண் என்றே நம்பி, அந்த நம்பிக்கையில் ஒரு பெருமிதத்தோடும் படித்திருக்கிறார்.

மூன்றாவது வழி சினிமாக் கொட்டகை. 2010 அக்டோபர் 1 அன்று ரஜினி நடித்த ‘எந்திரன்’ வந்தபோது தமிழ்நாட்டில் ஒரு ரோபோ கதைக்குக் கூடிய கூட்டத்தைப் போல எந்த நாட்டு அறிவியல் புனைகதை மாநாட்டுக்கும் கூட்டம் கூடியிருக்குமா என்பது சந்தேகம். 2008-இல் மறைந்த சுஜாதாவின் வசனமும் அதில் இருந்தது. நம் ரசிகர் உலகத்தைப் பற்றி உலக அரங்குக்குப் போன ஆவணப்படம் இந்த வழியில்தான் பிறந்தது. ரிங்கு கால்சி இயக்கி, ஜோயோஜீத் பால் தயாரித்த ‘ஃபார் தி லவ் ஆஃப் எ மேன்’, ரஜினி ரசிகர்களைப் பற்றியது. 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அறிவியல் புனைகதை ரசிகர்களைப் பற்றியதல்ல என்றாலும், தமிழ் ரசிகர் என்பவர் யார் என்று வெளியுலகம் தெரிந்துகொண்ட படங்களில் அது முக்கியமானது. உழைக்கும் மனிதர்களை மரியாதையோடு காட்டுகிறது. ரசிகர் என்றாலே ரவுடி, வேலையற்றவன் என்று நம் நடுத்தர வர்க்கம் வைத்திருந்த பார்வைக்கு அது நல்ல மறுப்பு.

படத்தின் மையத்தில் நிற்பவர்கள் ஆண்கள். இயக்குநர் பெண்ணாக இருந்தும் அப்படித்தான் அமைந்தது, அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடியற்காலைக் காட்சிக்குக் கட்-அவுட்டுக்கு முன்னால் நிற்க முடிந்தவர்கள் யாரோ அவர்கள்தான் அங்கே நிற்பார்கள். மதுரையில் ஆய்வு செய்து சாரா டிக்கி 1993-இல் வெளியிட்ட நூலிலும் ரசிகர் மன்றம் என்பது பெரும்பாலும் இளைஞர்களின் அமைப்பாகவே இருந்தது. எங்களுக்குப் பக்கத்துப் புதுச்சேரியை மையமாக வைத்து ரூஸ் கெரிட்சன் எழுதி 2019-இல் வந்த நூல், ரஜினி மன்றத்தினரின் பேனர்களையும் சுவரோவியங்களையும் அவர்கள் வீட்டில் சேர்த்து வைத்த படங்களையும் நுணுகிப் பார்க்கிறது. பேனர் தெருவில் நிற்கிறது, படம் ஆல்பத்துக்குள் இருக்கிறது. ஆல்பத்தைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள் போக வேண்டும். ஆவணப்படம் எடுப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதுதான்: வாசலில் நிற்காமல் வீட்டுக்குள் வாருங்கள். மன்றத்துக்காரர் பேனருக்குக் கொடுத்த பணம் எந்தச் செலவைத் தள்ளிவைத்து வந்தது என்று அந்த வீட்டுப் பெண்ணைக் கேளுங்கள். அவளுக்குப் பிடித்த காட்சி எது என்பதையும் கேளுங்கள். முதல் கேள்வியோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள், பெண்ணைப் பாதிக்கப்பட்டவளாக மட்டும் காட்டிவிடுகிறார்கள். அவளுக்கும் ‘எந்திரன்’ ரோபோ சிட்டியைப் பிடித்திருக்கலாமே.

2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முறையாகக் காமிக் கான் என்ற ரசிகர் திருவிழா நடந்தது. வேடமணிந்த இளைஞர்களோடு பெண்களும் திரளாக வந்தார்கள். நல்ல செய்தி. சலூன் பெஞ்சில் இல்லாத இடம் அங்கே கிடைத்திருக்கிறது. ஆனால் நுழைவுச் சீட்டும் வேடத்துக்கான செலவும் இன்னொரு வாசலைக் கட்டிவிட்டன. எங்கள் பக்கத்து மரக்காணத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை அங்கே போக என்னென்ன கைகூட வேண்டும் என்று யோசித்துப் பார்த்தால் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது அச்சேறியது நம் சென்னையில். 1901-இல் கமலா சத்தியநாதன் சென்னையில் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். 1905-இல் அதில் ‘சுல்தானாஸ் டிரீம்’ என்ற கதை வந்தது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண், ரொக்கேயா சகாவத் உசேன். கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடங்கியிருக்கிறார்கள், பெண்கள் வெளியே நடமாடுகிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கின்றன, வெயிலின் சூட்டைச் சேமித்து வைக்கின்றன. அந்தச் சூட்டில் சமையல் நடக்கிறது. படையெடுத்து வந்த பகைவரையும் அதே சூட்டைப் பாய்ச்சித்தான் விரட்டுகிறார்கள். இந்தியாவில் எழுதப்பட்ட தொடக்ககால அறிவியல் புனைகதைகளில் ஒன்று இது. ஒரு பெண் எழுதி, இன்னொரு பெண் ஆசிரியராக இருந்து வெளியிட்டு, பெண்கள் படித்தது. நூறாண்டு கழித்துச் சென்னையின் தாரா புக்ஸ் இதைக் கோண்டு ஓவியர் துர்காபாயின் ஓவியங்களோடு மறுபடி அச்சிட்டது. ‘பெண்கள் இந்தத் துறைக்கு இப்போதுதான் வருகிறார்கள்’ என்று ஆவணப்படங்களில் பின்னணிக் குரல் சொல்லும்போதெல்லாம் எனக்கு 1905 என்ற எண் நினைவுக்கு வருகிறது. அவர்கள் வந்து வெகுகாலமாகிவிட்டது. அந்த இதழ் எந்த வீடுகளுக்குப் போனது, யார் உரக்கப் படித்துக் காட்டினார்கள், யார் கேட்டார்கள் என்பதைத் தேடிப்போகும் படம் ஒன்றை யாராவது எடுக்க வேண்டும் என்று ஏங்குகிறேன்.

சாதியின் பக்கமும் இப்போது எழுத்து வரத் தொடங்கியிருக்கிறது. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2024-இல் சாதியெதிர்ப்பு அறிவியல் புனைகதைகளைத் தனித் தொகுப்பாகவே கொண்டுவந்தது. ஆக்டேவியா பட்லருக்கு எழுதிய கடிதங்களும் கட்டுரைகளும் அடங்கிய நூலைத் தொகுத்த இருவரில் ஒருவரான மிமி மண்டல், தலித் எழுத்தாளர், 2018-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனார். கப்பலில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு வேற்றுக்கிரகக் கதை எப்படிச் சொந்தக் கதையோ, ஊருக்கு வெளியே வேறொரு உலகமாக ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்கும் அப்படித்தான். நம்மிடம் ஒரு அகோம்ஃப்ரா இன்னும் வரவில்லை.

கடைசியாக உப்பு, எந்தக் கேமராவும் பார்க்காத இன்னொரு ரசிகையின் கதை. எங்கள் சித்தி மரக்காணத்தில் வாக்கப்பட்டவர். பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர் அது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உப்பளம் மூடிக் கிடக்கும். தை கழிந்து வெயில் ஏற ஏறப் பாத்தி கட்டி, உவர்நீர் விட்டு, காயவிட்டு வாருவார்கள். வாரிய உப்பைக் கூடையில் அள்ளிச் சும்மாடு வைத்துக் கரையில் அம்பாரமாகக் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள் வேலை. சித்தி முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்தார். வெள்ளையில் பட்டு எதிரடிக்கும் வெயில் கண்ணைப் பறிக்கும். பார்வை மங்கிப்போனதற்கு அவர் சொல்லும் காரணம் அதுதான்.

போன கோடையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மதியம் கரண்ட் இல்லை. என் போனில் 2017-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை’ படத்தின் கடைசிப் போரைப் போட்டுக் காட்டினேன். கிரெய்ட் என்ற கிரகம். தரை முழுக்க உப்பு. பொலிவியாவின் உயூனி உப்பு வெளியில் பிடித்த காட்சிகளை வைத்து உருவாக்கியது. ஒரு வீரன் தரையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்கிறான். வண்டிகள் உரசிக்கொண்டு ஓடும்போது வெள்ளைக்கு அடியிலிருந்து சிவப்பு கிளம்புகிறது. சித்தி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“இம்மாம் உப்பு கெடக்குது. வார்றதுக்கு ஒரு ஆளையும் காணமே.”

உயூனியில் ஆள் இருக்கிறார்கள். அதன் கரையில் கொல்சானி என்ற ஊரில் உப்பைச் சுரண்டிச் சின்னச் சின்னக் குவியலாகக் குவித்து வைப்பார்கள், நம் அம்பாரம் மாதிரியே. படத்தில் அவர்கள் இல்லை. அதைச் சித்தியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை, கண் திரையிலேயே இருந்தது. போர்முனையில் உயிரை விடப் பாய்கிற ஃபின் என்ற வீரனை ரோஸ் என்ற பெண் தன் வண்டியை மோதித் தடுக்கிற இடம் வந்தது. உப்புத் தரையில் அடிபட்டுக் கிடக்கிறாள்.

ரோஸாக நடித்தவர் கெல்லி மேரி டிரான், வியட்நாமிய அகதிகளின் மகள். ஸ்டார் வார்ஸ் வரிசையில் வெள்ளையரல்லாத ஒரு பெண் முதன்மைப் பாத்திரம் ஏற்றது அதுவே முதல்முறை. ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்ட சிலர் அவருடைய இனத்தையும் உருவத்தையும் சொல்லி வசைபாடியதில், 2018-இல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் அத்தனையையும் நீக்கினார். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் தலைநிமிர்ந்து தன் பெயரை எழுதிக் கட்டுரை வெளியிட்டார்.

“அந்தப் பொண்ணு பொழைச்சுதா?” என்றார் சித்தி.

“பொழைச்சுது சித்தி.”

“அடுத்த படத்துல வருதா?”

2019-இல் வந்த அடுத்த படத்தில் ரோஸ் திரையில் இருப்பது ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதல். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கொஞ்ச நேரம் வருது என்றேன்.

“கொஞ்ச நேரம்னா?”

நான் பதில் சொல்வதற்குள் அவரே திரையில் விரலை வைத்து இங்குமங்கும் தேய்த்துப் பார்த்தார். உப்பில் வெடித்த விரலுக்குப் போன் மசியவில்லை. என்னிடம் நீட்டினார்.

“முதல்லேர்ந்து போடு. நாக்குல வெச்சுப் பார்ப்பானே, அங்கேர்ந்து.”